கலியாண வீடியோவை எல்லார் வீட்டு டீவியிலும் ஓட வைப்பது எப்படி

பந்தல் பிரிக்கும் முன்பே ரொறன்ரோவில் இருந்து கேள்வி வந்துவிடும்: "வீடியோ எப்ப வரும்?" சூரிச்சில் இருக்கும் சித்தப்பாவும் அதையேதான் கேட்பார். திருக்கடலூர் பெரியம்மா தன் பழைய டீவியில் பார்க்க வேண்டும் என்பார். தம்பலகாமம் மாமாவிடம் டீவீடி பிளேயர் மட்டும்தான் இருக்கும். திருகோணமலையில் அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தப் பொறுப்பு யாரோ ஒருவர் தலையில் விழும். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். உவர்மலையில் இருந்துகொண்டு நாலு நாட்டுச் சொந்தங்களுக்கு வீடியோ அனுப்பும் ஒருத்தி என்ற வகையில், நான் எப்படிச் செய்கிறேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலத்துக்கும் வைத்திருக்கும் ஃபைல் வேறு, பார்க்கக் கொடுக்கும் ஃபைல் வேறு. வைத்திருப்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. பார்க்கக் கொடுப்பது யார் வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டு டீவியில் ஓட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஃபைலாக வைத்துச் சமாளிக்கப் பார்க்கும்போதுதான் "படம் வருது, சத்தம் வரேல்ல" என்று இரவு பதினொரு மணிக்குப் போன் வரும்.

ஸ்டூடியோவில் என்ன கேட்பது

முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கலியாணம் முடிந்த பிறகு கேட்டால் பிந்திவிடும். இன்றைக்கும் சில இடங்களில் அழகான பெட்டியில் டீவீடி தருகிறார்கள். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திருப்தி அடைய வேண்டாம். நம் நாட்டு முறைப்படி பதியும் டீவீடியில் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள்தான். கமெரா எடுத்தது 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த படமோ, கோட்டைக்குள் மான்களோடு எடுத்த படமோ, டீவீடியில் ஏறும்போது ஐந்தில் நாலு பங்கு போய்விடுகிறது. பெரிய டீவியில் போட்டால் முகமெல்லாம் மங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எடிட் பண்ணி முடித்த வீடியோ 1080பி அளவில் (அந்த 1920க்கு 1080தான்), எச்.264 என்ற சுருக்கும் முறையில், எம்பி4 ஃபைலாக வேண்டும். 4கேயில் எடுத்திருந்தால் 4கே ஃபைலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது, கமெராவில் இருந்து இறக்கிய, வெட்டாத காட்சிகள் எல்லாம் வேண்டும். இதற்கு உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டூடியோக்காரர் தன் டிஸ்க்கை அடுத்த கலியாணத்துக்குக் காலி பண்ணத்தான் வேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. எடிட்டில் வராத காட்சிகளில்தான் அம்மம்மா ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் படம் இருக்கும். பத்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போவது அதைத்தான்.

வைத்திருப்பது

எங்கள் ஊரில் ஆல்பம் இல்லாத வீடுகள் நிறைய. 1990 இடப்பெயர்வில் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்குப் பறிகொடுத்தவர்களும் உண்டு. பெரியம்மாவிடம் அவருடைய கலியாணப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இந்தியாவில் இருந்த உறவினரிடம் தப்பிய படம். அதனால் இந்த விசயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒரே பொருளின் இரண்டு கொப்பி ஒரே அலுமாரியில் இருந்தால் அது ஒரு கொப்பிதான். ஒன்று திருகோணமலையில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். கொழும்பில் படிக்கும் தம்பியிடமோ வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடமோ கொடுத்து வையுங்கள்.

வைத்திருப்பதற்குப் பென் டிரைவ் வேண்டாம், அது கொண்டுபோகும் சாமான். வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். டச்சு குடா பக்கமோ திருக்கடலூரோ என்றால் உப்புக் காற்று இரும்பையே தின்னும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கொழுவி, ஒவ்வொரு ஃபைலும் திறக்கிறதா என்று பாருங்கள்.

டீவீடி மாதிரி டிஸ்க்கில் எழுதி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புளூ-ரே டிஸ்க் ஒன்றில் 25 ஜிபி பிடிக்கும், இரட்டை அடுக்கு என்றால் 50. ஒரு கலியாணத்துக்கு அது தாராளம், படமும் முழு அளவில் இருக்கும். ஆனால் அதை எழுதத் தனி டிரைவ் வேண்டும், பார்க்கத் தனி பிளேயர் வேண்டும். எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் தயாரிப்பதை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புதிதாக அந்த வழியில் இறங்கச் சொல்லமாட்டேன். ஏற்கனவே பிளேயர் வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஒன்று எழுதிக் கொடுப்பது என்றால் சரி.

பார்க்கக் கொடுக்கும் ஃபைல்

எனக்கு உதவுவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். ஸ்டூடியோ தந்த ஃபைலை அதில் திறந்து, ஆயத்தத் தெரிவுகளில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதை எடுங்கள். அது எம்பி4, எச்.264, ஏஏசி ஒலி என்று மூன்றையும் தானே அமைத்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்தால் கடந்த பத்து வருடத்துக்குள் வந்த அநேகமான டீவிகளில் ஓடும். எச்.265 என்ற புதிய முறையில் ஃபைல் சிறிதாகும் என்பது உண்மைதான், ஆனால் பழைய டீவி அதைத் திறக்காது. பெரியம்மாவின் டீவி திறக்காத ஃபைல் எவ்வளவு சிறிதாக இருந்து என்ன பயன்?

அளவுக் கணக்கை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பிறகு எல்லாம் இலகு. ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் சராசரி பிட்ரேட் (ஒரு செக்கன் படத்துக்கு எவ்வளவு டேட்டா) என்ற இடத்தில் 8000 என்று போட்டால், ஒரு செக்கனுக்கு 8000 கிலோபிட். எட்டால் வகுத்தால் 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3600 செக்கன், ஆகவே 3.6 ஜிபி. மூன்று மணி நேரக் கலியாணம் கிட்டத்தட்ட 11 ஜிபி வரும். கூறைச் சேலையின் சரிகை, நாதஸ்வரக்காரரின் விரல் எல்லாம் 8000இல் தெளிவாகத்தான் இருக்கும். ஊர்வலம், வாணவேடிக்கை மாதிரி வேகமாக அசையும் காட்சிகள் அதிகம் என்றால் 10000 வையுங்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழும் இடம் வருகிறது. பென் டிரைவைப் பழைய டீவிகள் எல்லாம் படிக்க வேண்டுமென்றால் அது ஃபாட்32 முறையில் (டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்று) ஃபோர்மட் பண்ணியிருக்க வேண்டும். ஃபாட்32இல் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் கொம்பியூட்டர் இடமில்லை என்கிற மாதிரி மறுத்துவிடும். எக்ஸ்ஃபாட் முறைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் பழைய டீவிகள் பல அதை அடையாளமே காணாது. என்டிஎஃப்எஸ் முறையைச் சில டீவிகள் படிக்கும், சில படிக்காது.

அதனால் நான் சடங்கு சடங்காகப் பிரிப்பேன். பொன்னுருக்கல் ஒரு ஃபைல், கன்னிகாதானமும் தாலிகட்டும் ஒரு ஃபைல், ஆசீர்வாதம் ஒரு ஃபைல், வரவேற்பு ஒரு ஃபைல். எதுவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது, 8000இல் 4 ஜிபியும் தாண்டாது. 10000 வைத்தால் ஒரு மணி நேரம் 4.5 ஜிபி ஆகிவிடும், அப்போது முக்கால் மணி நேரத் துண்டாக வெட்டுங்கள். பார்ப்பவர்களுக்கும் இதுதான் வசதி. தாலிகட்டை மட்டும் திரும்பப் பார்க்க விரும்பும் மாமிக்கு ரிமோட்டில் ஓட்டி ஓட்டித் தேடும் வேலை இல்லை. ஏற்கனவே ஒரே நீள ஃபைலாக வந்திருந்தால் லொஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் தரம் குறையாமல் வெட்டித் தரும்.

ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், முன்னால் 01, 02 என்று இலக்கம் போடுங்கள். தமிழில் பெயர் வைக்கத்தான் மனம் விரும்பும். ஆனால் பழைய டீவிகளில் தமிழ் எழுத்துரு இல்லை, பெயருக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

சொந்தக்காரர் போனில் எடுத்த துண்டுகளைச் சேர்க்கும்போது ஒரு கவனம். ஐபோன்கள் சாதாரணமாக எச்.265 முறையில்தான் பதிகின்றன. அந்தத் துண்டு டீவியில் கறுப்புத் திரையாகவோ சத்தம் மட்டுமாகவோ வந்தால் அதையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டு எடுங்கள். விசேசத்துக்கு முன்பே சொல்லக் கிடைத்தால், செட்டிங்ஸில் கமெரா, ஃபோர்மட்ஸ், 'மோஸ்ட் கொம்பேட்டிபிள்' என்று மாற்றச் சொல்லுங்கள். பழைய ஹேண்டிகாமில் எடுத்த படத்தில் ஆள் அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால், ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டால் போய்விடும்.

பென் டிரைவ்

32 ஜிபி ஒன்று போதும். வின்டோஸில் வழக்கமான ஃபோர்மட் பெட்டி 32 ஜிபி வரைக்கும்தான் ஃபாட்32 என்ற தெரிவைக் காட்டும், அதற்குமேல் பெரிதாக வாங்கினால் வேலை கூடும். கடைத்தெருவில் நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் 1 டிபி, 2 டிபி பென் டிரைவுகளை வாங்கவே வேண்டாம். வெளியில் எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. கொப்பி ஆகிறமாதிரித் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக வாங்கும் எதையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருளால் முழுதாக நிரப்பிச் சோதித்த பிறகே படம் ஏற்றுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு கலியாணத்தையே அதில் அனுப்புகிறோம் அல்லவா.

கொப்பி முடிந்ததும் உடனே இழுக்காமல் 'இஜெக்ட்' கொடுத்து எடுங்கள். பிறகு உங்கள் வீட்டு டீவியில் கொழுவி ஒவ்வொரு ஃபைலின் தொடக்கமும் கடைசி இரண்டு நிமிடமும் பாருங்கள். கொம்பியூட்டரில் ஓடியது டீவியில் ஓடாமல் போகலாம். கொம்பியூட்டரில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருள் எதையும் திறந்துவிடும், டீவி அப்படி இல்லை.

பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை என்பது என் முடிவு. இன்டர்நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். டிரைவ் டீவியின் பின்னால் நிரந்தரமாகக் கொழுவி இருக்கும். ரிமோட்டில் 'சோர்ஸ்', பிறகு 'யூஎஸ்பி', பிறகு 'ஓகே'. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி டீவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டீவியின் பட அளவு அமைப்பில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும், அதையும் நீங்களே சரிசெய்து கொடுங்கள்.

டீவீடி மட்டும் உள்ள மாமாவுக்கு டீவீடிதான். அதில் தரம் குறையும் என்று முன்பே சொல்லிக் கொடுங்கள், அவர் சந்தோசமாகவே பார்ப்பார். ஆனால் இங்கே எழுதிய டீவீடியைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டாம். நம்முடையது பால் (PAL) என்ற டீவி முறை, அங்கே என்டிஎஸ்சி (NTSC). அங்குள்ள பிளேயர்கள் பல நம் டிஸ்க்கை ஓட்டாது. எம்பி4 ஃபைலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வீட்டுக்குள்ளே

எல்லாரும் கூடி இரவில் பார்ப்பதென்றால் லெப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் டீவியில் கொழுவுவதுதான் சுருக்கமான வழி. 1080பிக்குச் சாதாரண வயரே போதும், விலை கூடியது தேவையில்லை. சத்தம் லெப்டொப்பிலேயே வந்தால் ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். போனை வயரால் கொழுவ நினைத்தால் முதலில் அந்த போன் யூஎஸ்பி-சி வழியாகப் படம் தருமா என்று பாருங்கள், எல்லாப் போன்களும் தராது.

வருடக்கணக்காக வீடியோ சேர்ந்துபோன வீடென்றால், ஒரு கொம்பியூட்டரில் உள்ள வீடியோக்களை வீட்டு டீவிகளுக்கு அனுப்பும் ஜெலிஃபின் என்ற மென்பொருளை வைத்துப் பாருங்கள். இலவசம். பழைய லெப்டொப் ஒன்றில் நிறுவி, ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி, வீட்டு ரவுட்டரில் இணைத்துவிட்டால் ஆண்ட்ராய்ட் டீவியிலும் போனிலும் அட்டைப்படத்தோடு வரிசையாக வந்து நிற்கும். நான் மேலே சொன்ன எச்.264 ஃபைலாக இருந்தால் அந்தப் பழைய லெப்டொப் மாற்றும் வேலை எதுவும் செய்யாமல் அப்படியே அனுப்பும், திணறாது. இடையில் நின்று நின்று ஓடினால் குற்றம் பெரும்பாலும் வைஃபையில். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள், அல்லது லெப்டொப்பை ரவுட்டரோடு வயரால் இணையுங்கள். லெப்டொப்பில் பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஹார்ட் டிஸ்க் சட்டென்று நிற்காது, அது எங்கள் ஊருக்கு நல்லது.

வெளிநாட்டுக்கு

யாராவது விசேசத்துக்கு வந்து திரும்பிப் போகிறார்கள் என்றால் கையில் கொடுத்தனுப்புவதை எதுவும் வெல்லாது. அப்படி ஆள் கிடைக்காதபோதுதான் இன்டர்நெட்.

முதலில் கணக்கு. உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 10 ஜிபி ஏற்ற இரண்டே கால் மணி நேரம். 2 எம்பிபிஎஸ் என்றால் 11 மணி நேரம். இறக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், 4ஜியில் ஏற்றும் வேகம் அதைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் படுக்கப் போகும்போது தொடங்கிவிடுங்கள். இங்கேயும் துண்டு துண்டான ஃபைல்கள்தான் கைகொடுக்கும், ஒன்று அறுந்தால் அதை மட்டும் திரும்ப ஏற்றலாம்.

கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி. அது ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்த இடம், நிரம்பினால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். வீடியோவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறப்பது நல்லது. எல்லாரும் இறக்கிக்கொண்ட பிறகு அழித்து, அடுத்த விசேசத்துக்குப் பயன்படுத்தலாம். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். அதையே 'டொக்கியுமென்ட்' என்று அனுப்பினால் 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும். டெலிகிராமிலும் ஒரு ஃபைல் 2 ஜிபி வரை. ஆசீர்வாதத்தில் அரை மணி நேரத் துண்டு 1.8 ஜிபி, அழகாக அடங்கும்.

யூடியூப்தான் வெளிநாட்டில் உள்ள வயதானவர்களுக்கு இலகு, டீவியிலேயே அந்த அப் இருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற உங்கள் போன் இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஏற்றியவுடன் மங்கலாகத்தான் தெரியும், 1080பி தயாராகச் சிலவேளை மணிக்கணக்கில் ஆகும், அதற்குப் பிறகு இணைப்பை அனுப்புங்கள். வரவேற்பில் ஒலித்த சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் அது கண்டுபிடித்துவிடும். அநேகமாக விளம்பரத்தோடு முடிந்துவிடும், சில பாட்டுக்குச் சில நாடுகளில் வீடியோவையே மறைத்துவிடும். ரொறன்ரோ மாமியால் பார்க்க முடியவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். நாதஸ்வரமும் மந்திரமும் உள்ள பகுதிகளைத் தனியாக ஏற்றினால் அவையாவது தப்பும்.

சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) வீடியோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூடியூப்பில் தேடினால் வராமல் இணைப்பால் மட்டும் திறக்கும் 'அன்லிஸ்டட்' என்பது பூட்டு கிடையாது. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர் பார்க்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதில் இருப்பது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. தண்ணீர் வார்க்கும் காட்சிகளை இன்டர்நெட்டில் எங்குமே ஏற்றாதீர்கள், அவை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருக்கட்டும். மற்றவற்றை அனுப்பும் முன் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். தாய் தகப்பன் சம்மதித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், நாளைக்கு வகுப்பில் முகம் கொடுக்கப் போவது அவள். அவள் சரி என்றால், கூகுள் டிரைவில் பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்த்து அனுப்புங்கள், 'இணைப்பு உள்ள எவரும்' என்ற தெரிவைத் தொட வேண்டாம். எல்லாரும் பார்த்து முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். எங்கள் மருமகளின் சாமத்திய வீட்டில் அவள் வேண்டாம் என்று சொன்ன காட்சி எதுவும் வெளியே போகவில்லை. கேட்டவர்களுக்கு அதையே காரணமாகச் சொன்னேன், யாரும் கோபிக்கவில்லை.

கடைசியாக, அனுப்பிவிட்டேன் என்பதோடு வேலை முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துக் கடைசி ஃபைலின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படமும் சத்தமும் சரியாக வருகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். வெளியூரில் வைத்த ஹார்ட் டிஸ்க்கும் திறக்கிறது என்று உறுதியான பிறகு, உங்கள் லெப்டொப்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொப்பியை அழிக்கலாம்.